நீ பார்த்து வைத்த வீட்டை ஏன் வேண்டாமென்றேன்

தம்பி,

நீ எங்களுக்காக அலைந்து திரிந்து பதிவு செய்து வைத்திருந்த வீட்டை வேண்டாம் என்று நான் சொன்ன அன்று, "உங்க இஷ்டம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் பேசவில்லை. மருமகள்தான் பேசுகிறாள், அதுவும் சாப்பாட்டைப் பற்றியும் குளிரைப் பற்றியும். உன் கோபம் நியாயம்தான். உன் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் வந்துவிடக்கூடிய இடம், டாக்டரும் நர்சும் உள்ளேயே இருக்கிறார்கள், நடக்கப் பாதை, கோயில், சாப்பாட்டுக் கூடம் எல்லாம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு பெங்களூரைத் தாண்டி ஆனேக்கல் ஓரத்தில் நாற்பது சின்ன வீடுகள் இருக்கிற ஒரு பழைய லேஅவுட்டில் வாடகைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அம்மாவுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். காரணத்தைப் போனில் சொல்ல முடியவில்லை. உன் அப்பா எந்நேரமும் என் பக்கத்திலேயே இருக்கிறார். அதனால் எழுதுகிறேன். சிவகாசியில் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் இத்தனை வருஷம் அடுத்தவர்கள் எழுதியதில் பிழை பார்த்தவள் நான். இதில் நீ படிக்கப்போகிற பிழைகள் என்னுடையவை. முடிக்கும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன்னிடம் மறைத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இருப்பது வயசு மறதி இல்லை. போன வருஷம் கண் டாக்டரைப் பார்க்க மதுரைக்குப் போனோம் என்று சொன்னேனே, அன்று நாங்கள் பார்த்தது மூளை டாக்டரை. படம் எடுத்தார்கள். இன்று என்ன கிழமை, நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்றெல்லாம் கேட்டார்கள். அப்பா சிரித்துக்கொண்டே, "என்ன டாக்டரே, இன்ஸ்பெக்சனா?" என்று கேட்டாரே தவிர, கிழமையைச் சொல்லவில்லை. இது குறையாது, மெதுவாகக் கூடும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன், உன்னிடம் சொல்வதில்லை என்று. நீ ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வரும்போதெல்லாம் நான் கேமராவுக்கு வெளியே நின்றுகொண்டு பேத்தியின் பெயரைக் காதில் சொல்வேன். அவர் உடனே சத்தமாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். நீ சந்தோஷப்படுவாய். ஒன்றரை வருஷம் இப்படி ஓட்டினேன். உனக்குத் தெரிந்தால் நீ ஓடி வந்து ஏதாவது ஒரு ஏற்பாடு செய்துவிடுவாய் என்று பயந்தேன். அந்த ஏற்பாடு என்னவாக இருக்கும் என்று நினைக்கவே எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஊரை விட்டு வந்துவிடுகிறோம் என்று ஒரு நாள் திடீரென்று நானே உனக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? எத்தனை வருஷம் கூப்பிட்டும் வராத அம்மா தானாக வருகிறேன் என்கிறாளே என்று நீ ஆச்சரியப்பட்டாய். நான் வெயில் தாங்க முடியவில்லை என்றேன். வெயிலுக்கா தம்பி நான் பயப்படுவேன்? நடந்தது வேறு. நம் தெருமுனைக்குக் காலையில் பட்டாசுக் கம்பெனி வேன் வருமே, அன்று நான் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு போய் அதில் ஏறிவிட்டார். ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷம் ஆன போர்மேன். வேனில் இருந்த பெண்கள் பாதிப் பேர் அவரிடம் வேலை கற்றவர்கள். "அய்யா வாங்க, முன்னாடி உக்காருங்க" என்று இடம் விட்டிருக்கிறார்கள். முதலாளியைப் பார்க்கப் போகிறார் போல என்று நினைத்துக்கொண்டார்களாம். கேட்டில் இருந்த வாட்ச்மேனும் பழைய ஆள்தான். தீப்பெட்டி, போன் இருக்கிறதா என்று எல்லோருடைய பையையும் தடவிப் பார்க்கிறவர், அப்பாவைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டிருக்கிறார். தடவிப் பார்க்கவில்லை.

அப்பா நேரே பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்துகிற அறைக்குப் போயிருக்கிறார். அந்த அறைக்குள் ஒரு இரும்புக் கம்பி கூடக் கொண்டுபோகக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கச் சத்தம் போட்டவர், நீ வாங்கிக் கொடுத்த செல்போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றாமல் உள்ளே போய் நின்று, "ஏலே, இது என்ன வேலை, மருந்து சிந்திக் கெடக்கு" என்று சத்தம் போட ஆரம்பித்திருக்கிறார். அப்போது போன் அடித்தது. அடித்தது நீ. பாப்பாவுக்கு ஓட்டப் பந்தயத்தில் பரிசு கிடைத்ததைத் தாத்தாவிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டாயே, அந்தக் கால்தான். அடுத்து எனக்குப் போட்டு, "அப்பா ஏன் எடுக்கலை?" என்று கேட்டாய். சலூனுக்குப் போயிருக்கிறார் என்றேன். அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. கம்பெனி ஆட்கள் அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. போன் சத்தத்தால் தீப்பிடிக்குமா பிடிக்காதா என்று எனக்குத் தெரியாது. அந்த அறையில் இருந்தவர்கள் போட்டது போட்டபடி வெளியே ஓடியிருக்கிறார்கள். அதில் முத்துமாரி என்ற பெண் விழுந்து முழங்காலில் அடிபட்டுக்கொண்டாள். அன்று சாயந்திரம் நான் அவள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் இரண்டு பிள்ளைகளும் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் அவள் நொண்டிக்கொண்டே எழுந்து நாற்காலி போட்டாள்.

"அய்யா மேல எனக்கு வருத்தமில்லம்மா. அவுக இல்லைன்னா எனக்கு இந்தத் தொழிலே தெரியாது. ஆனா இந்த ரெண்டையும் பாருங்க. எனக்கு ஒண்ணுன்னா இதுகளுக்கு யாரு இருக்கா?"

"இனிமே வரமாட்டாக முத்துமாரி."

"எப்பிடிம்மா சொல்றீக? அவுக வந்தா யாரு தடுப்பா? எங்களுக்கு வாய் வருமா, வராதீகன்னு சொல்ல?"

இதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. நமக்குத் தெரிந்த ஊர், தெரிந்த மனிதர்கள், எங்கே போனாலும் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று அதுவரை தைரியமாக இருந்தேன். ஆனால் சிவகாசியிலிருந்து ஆனைக்குட்டம் வரைக்கும் எந்தக் கம்பெனி கேட்டிலும் அவரைத் தெரியும், எந்தக் கேட்டும் அவருக்குத் திறக்கும். அதுதான் ஆபத்து. அவர் வேலைக்குப் போன காலமெல்லாம் எங்காவது ஒரு வெடிச்சத்தம் கேட்டால் அப்பா இருக்கிற கம்பெனியோ என்று பயந்தவள், அன்றிலிருந்து, சத்தம் கேட்டால் அப்பாதான் காரணமோ என்று பயப்பட ஆரம்பித்தேன். அந்தப் பயத்தோடு ஒரு நாள்கூட அங்கே இருக்க முடியாது என்றுதான் உனக்குப் போன் செய்தேன்.

நீ உடனே இடம் பார்த்தாய். பெங்களூருக்குப் புறத்தே நாங்கள் போய்ப் பார்த்த அந்த முதியோர் குடியிருப்பைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். சுற்றிக் காட்டிய பெண் நல்ல பெண், நன்றாகத் தமிழ் பேசினாள். ஒரே மாதிரி மஞ்சள் வீடுகள், ஒரே மாதிரி கதவு, ஒரே மாதிரி தொட்டிச்செடி. மூன்றாவது வளைவில் எனக்கே எந்தப் பக்கம் வந்தோம் என்று தெரியவில்லை. அப்பா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இங்கன என்ன, கம்பெனி லீவா? ஒருத்தரையும் காணோமே" என்றார். அந்தப் பெண் சிரித்தாள். நான் அப்பாவை உன்னோடு தோட்டத்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, மெதுவாக அவளிடம், மறதி அதிகமாக உள்ளவர்கள் இருந்தால் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்தது. "அதுக்குத் தனி மாடியே இருக்கு ஆன்ட்டி, வாங்க காட்டுறேன்" என்று லிஃப்டில் கூட்டிக்கொண்டு போனாள்.

மாடியில் கண்ணாடிக் கதவு. பக்கத்துச் சுவரில் எண்கள் உள்ள ஒரு பெட்டி, உள்ளேயும் வெளியேயும். சரியான எண்ணை அழுத்தினால்தான் கதவு திறக்கும். உள்ளே சுத்தமாக, வெளிச்சமாக, டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா, கைப்பையை மாட்டிக்கொண்டு, எங்கோ கல்யாணத்துக்குக் கிளம்பியவர் போல நின்று, அந்தப் பெட்டியில் எண்களை அழுத்திக்கொண்டிருந்தார். அவசரம் இல்லை, கோபம் இல்லை. நாலு எண் அழுத்துவார், கதவைத் தள்ளிப் பார்ப்பார், திறக்காது, மறுபடி வேறு நாலு எண். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"நம்பர் என்ன?" என்று கூட வந்த பெண்ணிடம் கேட்டேன்.

"அது ஸ்டாஃபுக்கு மட்டும்தான் ஆன்ட்டி. அவங்க சேஃப்டிக்குத்தான்."

அந்தப் பெண் சொன்னதில் பொய் இல்லை. அது பத்திரமான இடம்தான். ஆனால் நான் லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கி வந்துவிட்டேன். நீ அன்று காரில் கேட்டாய், "ஏம்மா முகம் இப்படி இருக்கு?" என்று. தலைவலி என்றேன்.

இனி எழுதுவதை உன் அப்பாவைத் தவிர யாரிடமும் நான் பேசியதில்லை. அவரிடமும் ஒரே ஒரு தடவைதான். நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது உன் தாத்தா, என் மாமனார், நம்மோடு இருந்தார். அவருக்கும் இதே நோய்தான் என்று இப்போது தெரிகிறது. அப்போது அதற்குப் பெயர் தெரியாது. கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். அணைப் பக்கம் நடந்து போய்விடுவார், யாராவது சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து விடுவார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு. சோறும் தண்ணீரும் வைத்து, அவரை அறைக்குள் விட்டு, வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போவேன். மத்தியானம் வந்து திறப்பேன். பூட்டலாம் என்று சொன்னது நான்தான். உன் அப்பா தடுக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் நான் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும்போது பெரிய சத்தம் கேட்டது. அப்பா வேலை செய்த திசையில் புகை. தெருவே கிழக்கே ஓடியது, நானும் ஓடினேன். வெடித்தது வேறு கம்பெனி, அப்பா பிழைத்திருந்தார், அங்கே உதவிக்கு நின்றார். நானும் நின்றேன். அங்கே பார்த்ததை எழுதமாட்டேன். பொழுது சாயும் நேரத்துக்குத்தான் இடுப்பில் சாவி இருப்பது ஞாபகம் வந்தது. ஓடி வந்து திறந்தேன். சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி உடைந்து உள்ளே விழுந்திருந்தது. மாமா கட்டிலுக்கு அடியில் இருந்தார். கதவை அடித்து அடித்து இரண்டு கையும் வீங்கி, நகம் பெயர்ந்து, ரத்தம் காய்ந்திருந்தது. "மாமா, வாங்க" என்றேன். என்னைப் பார்த்து இன்னும் உள்ளே தள்ளிப் போனார். அப்பா வந்துதான் வெளியே கொண்டுவந்தார். வெந்நீர் வைத்து அந்தக் கைகளைக் கழுவிவிட்டார். என்னைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு இருந்த மூன்று மாதமும் மாமா என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. நீ கேட்டபோது தாத்தா கீழே விழுந்துவிட்டார் என்று சொன்னேன். நீயும் நம்பினாய்.

என் பயம் என்னவென்று இப்போது உனக்குப் புரியும். நீ பூட்டுவாய் என்ற பயம் இல்லை தம்பி. களைத்துப்போன ஒரு நாளில் நானே பூட்டுவேன், அந்தக் கை என்னுடையது, அது பழகின கை என்ற பயம்.

பிறகு எப்படி ஆனேக்கல் வந்தோம் என்று கேட்பாய். பிரஸ்ஸில் என்னோடு வேலை பார்த்தவளுடைய தங்கை முன்பு இங்கே குடியிருந்தாள். ரிட்டயர் ஆன தொழிலாளிகள் சேர்ந்து கட்டிக்கொண்ட லேஅவுட், சின்ன இடம், போய்ப் பார் என்றாள். உன் வீட்டில் தங்கியிருந்தபோது, உன்னிடம் பார்க்குக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். உள்ளே வர ஒரே ரோடுதான். அந்த ரோட்டின் வாயில் சாவித்திரம்மா என்ற கன்னடக்கார அம்மா தையல் கடை வைத்திருக்கிறார். நான் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா நடந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. மொழி தெரியாத ஊர், யாரிடம் என்ன கேட்பது? வந்த வழியே ஓடினேன். தையல் கடை வாசலில் ஸ்டூல் போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். சாவித்திரம்மா மெஷினை மிதித்துக்கொண்டே கன்னடத்தில் ஏதோ சொல்ல, அப்பா தமிழில், "சீசன் நெருங்குது, ஆளு பத்தாது" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து அந்த அம்மா, அரைகுறைத் தமிழில், "பயம் பேடாம்மா, நான் பாத்துட்டே இருக்கேன்" என்றார். பேடா என்றால் வேண்டாம் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

அங்கேயே நின்று, பெற்ற பிள்ளையிடம் சொல்லாததை அந்த முன்பின் தெரியாத அம்மாவிடம் சொன்னேன். அவர் ஊசியிலிருந்து நூலை எடுத்துவிட்டு, "இதைச் சங்கத்துல சொல்லணும். மறைச்சு வந்தா சரியில்ல" என்றார். அடுத்த ஞாயிறு லேஅவுட் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் கன்னடத்தில் சொன்னார். வேன் விஷயத்தையும் சொன்னேன். பிறகு நஞ்சப்பா என்ற பெரியவர் எழுந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர், தமிழ் தெரியும். "என் வீட்டுல ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கு. சம்சாரத்துக்கு மூச்சு வியாதி. இவர் கேஸைத் திறந்து விட்டுட்டா எங்க கதி என்ன? மன்னிச்சிருங்க, எனக்கு இஷ்டமில்ல" என்றார். முத்துமாரி கேட்ட அதே கேள்விதானே? கடைசியில் ஆறு மாதம் பார்க்கலாம் என்றார்கள். யாருடைய சுவரோடும் ஒட்டாத மூலை வீடு, கேஸ் கூடாது, கரண்ட் அடுப்பு மட்டும், அப்பாவின் போட்டோவும் என் நம்பரும் எல்லா வீட்டிலும். ஒத்துக்கொண்டேன்.

வந்து மூன்று வாரம் ஆகிறது. நிம்மதியாக இருக்கிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். கதவில் ஒரு மணி கட்டியிருக்கிறேன், அது அசைந்தால் ஓடுகிறேன். குளிக்கும்போதும் கதவைச் சாத்துவதில்லை. ஆஸ்பத்திரியில் என்ன பேசுவது, எனக்கு முதலில் ஒன்று ஆகிவிட்டால் இவர் யாரைத் தேடுவார் என்று ஒவ்வொன்றாக வந்து நெஞ்சில் உட்காருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை தையல் கடை அடைத்திருந்தது. நான் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தேன். மணி சத்தம் கேட்கவில்லை. இறங்கி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. செருப்புப் போடாமல் மெயின் ரோட்டுவரை ஓடினேன். லாரிகள் போகிற ரோடு. தூரத்தில் பஸ் நிறுத்தத்திலிருந்து அப்பா திரும்பி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பத்தடி பின்னால், ரோட்டுப் பக்கமாகத் தள்ளி, நஞ்சப்பா வந்துகொண்டிருந்தார்.

"நான் நிறுத்தலைம்மா," என்றார் மூச்சு வாங்க. "கையப் பிடிச்சா பயந்துருவாரு. பின்னாடியே போனேன். பஸ் ஸ்டாப்புல கொஞ்ச நேரம் நின்னாரு. வேன் வரலை போலன்னு அவரே திரும்பிட்டாரு."

நான் கும்பிட்டேன். அவர் கையை அசைத்தார். "வேண்டாம்னு சொன்னவன் நான். இப்பவும் எனக்குப் பயம்தான். பயம் போகலை. ஆனா கண்ணுக்கு முன்னால போறவரை எப்படி விடுறது?"

அதற்காகத்தான் இந்த இடத்தை எடுத்தேன் தம்பி. இதைவிடப் பெரிய நியாயம் என்னிடம் இல்லை. ஆறு மாதம் கழித்து இவர்கள் போகச் சொல்லலாம். அப்பாவுக்கு இன்னும் முற்றினால் நீ பார்த்த இடத்தில் இருக்கிற அந்த மாடிக்கே போக வேண்டியும் வரலாம். அப்படி ஒரு நாள் வந்தால் என்னிடம் கேட்டுக்கொண்டு நிற்காதே, நீயே முடிவு செய். நான் தடுக்கமாட்டேன். அந்த நாள் வரும்வரை இங்கே இருக்க விடு. உன் பிள்ளையிடம் நாளைக்கு நீயும் எதையாவது மறைக்க நினைப்பாய், அவள் நல்லதுக்கு என்றே நினைப்பாய். வேண்டாம். மறைத்துவைத்து ஒன்றரை வருஷம் நான் காப்பாற்றியது எதுவுமில்லை. உனக்கு அவரோடு பேசக் கிடைத்திருக்க வேண்டிய நாட்களைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன் போலிருக்கிறது. நேற்று காலை அப்பா அலமாரியில் இருக்கிற உன் கல்யாணப் படத்தைக் காட்டி, "இந்தப் பய யாரு, லட்சணமா இருக்கானே?" என்று கேட்டார். நம்ம மகன் என்றேன். "அப்பிடியா" என்றார். மத்தியானம் அவரே உன் பெயரைச் சொல்லி, பள்ளிக்கூடம் விட்டாச்சா என்று கேட்டார். எந்த நேரத்தில் எது இருக்கும், எது இருக்காது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் கோபம் இருந்தாலும் இந்தச் சனிக்கிழமை வா. பிள்ளையையும் கூட்டி வா. வாசலில் நின்று "என்னைத் தெரியுதாப்பா?" என்று மட்டும் கேட்டுவிடாதே. அந்தக் கேள்விக்கு அவர் படுகிற பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை. உள்ளே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டீகளா?" என்று கேள். அதற்கு இன்னும் பதில் சொல்கிறார்.

அம்மா